காலையில் கவனமில்லை

அன்புள்ள பாபு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. உன் வேலை ஓர் ஊரில் நிலைக்கவில்லை, கான்டிராக்ட் முடிந்ததும் வேறு மாநிலத்துக்குப் பெட்டி கட்ட வேண்டியிருக்கிறது, ஒவ்வொரு தடவையும் உன் மகன் நிதின் புதுப் பள்ளிக்கூடத்தில் முழித்துக்கொண்டு நிற்கிறான், அதனால் இனி அவனை வீட்டிலேயே வைத்துச் சொல்லித்தரப் போகிறோம் என்றாய். அப்படிச் செய்தால் பிள்ளை என்ன படித்தான் என்று பதிவு வைத்திருக்க வேண்டுமாம், நீங்கள் இப்போது இருக்கும் ஊரில் அது விதியாம். "நீ எனக்கு எழுதி வச்ச இல்ல நைனா, அந்த மாதிரிதான். எப்படின்னு எழுதி அனுப்பு. இங்க எங்க ஃபிரண்ட்ஸ் ரெண்டு மூணு பேருக்கும் காட்டணும்" என்றாய். நானும் சரி சரி என்றேன். போனை வைத்த பிறகு வாசலுக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். உன் அம்மா இரண்டு தடவை உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தேன், மறுபடி எழுந்துவிட்டேன். இது மூன்றாவது முறையாக எழுத ஆரம்பிக்கும் கடிதம். உன் நண்பர்களும் படிக்கப் போவதால், உனக்குத் தெரிந்ததையும் விளக்கித்தான் எழுத வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

எழுதப் போவதை முதலில் வரிசைப்படுத்திவிடுகிறேன். இல்லாவிட்டால் எனக்கு ஓடாது.

1. பதிவு எழுத ஆரம்பித்தது எப்படி.
2. பிள்ளையின் ரஃப் தாள்களைத் தூக்கிப் போடக் கூடாது.
3. பாடம் நடக்காத நாளைக் காலியாகவே விட வேண்டும்.
4. பிள்ளையைக் கேட்டு எழுதக் கூடாது. கண்ணால் பார்த்ததை மட்டுமே எழுத வேண்டும்.
5. எப்போது நிறுத்துவது.

சித்தூரில் நாம் அப்போது குடியிருந்த தெருவின் கோடியில் ஒரு கான்வென்ட் இருந்தது. உன்னை அங்கேதான் சேர்த்திருந்தோம். உனக்கு ஆறு வயது நடக்கும்போது, காலைப் பிரார்த்தனைக்கு வரிசையில் நின்ற இடத்தில் வலிப்பு வந்து விழுந்தாய். அடுத்த மாதமும் ஒரு முறை வந்தது. தலைமையாசிரியை அம்மாள் என்னைக் கூப்பிட்டு, மற்றப் பிள்ளைகள் பயந்துவிடுகிறார்கள், குணமான பிறகு அழைத்து வாருங்கள் என்று மரியாதையாகவே சொன்னார். மரியாதையாகச் சொன்னால் எனக்கு எதிர்த்துப் பேச வராது. உன் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வேலூரில் பார்த்த டாக்டர், மாத்திரையை ஒரு நாள் கூட விடாமல் கொடுத்தால் தானே அடங்கும் என்றார்.

அந்தச் சமயத்தில்தான் நான் வேலை பார்த்த ஆலையும் கை மாறியது. சித்தூருக்கு வெளியே, சின்ன ஆலை. நான் அங்கே டைம் ஆபீஸ் குமாஸ்தா. யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வெளியே போனார் என்று மஸ்டர் ரோல் எழுதுவது என் வேலை. புது முதலாளி புது மெஷின்களைக் கொண்டுவந்தார். ஆட்கள் கார்டைச் செருகினால் அதுவே நேரத்தை அடித்துக் கொடுத்தது. விருப்ப ஓய்வுக்குக் கையெழுத்துப் போடலாம் என்று சுற்றறிக்கை வந்தது. மற்றவர்கள் சங்கம் என்ன சொல்கிறது பார்க்கலாம் என்று காத்திருந்தபோது, வாக்குவாதத்துக்குப் பயந்து நான் முதல் ஆளாகப் போட்டுவிட்டேன். உன் அம்மா அப்போது ஒரு நர்சிங் ஹோமில் நர்ஸ். அவளோடு வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராகக் குவைத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு சாயங்காலம் சாதம் பிசைந்துகொண்டே சொன்னாள்: "நான் போறேங்க. நீங்க இவனப் பாத்துக்குங்க. வேளா வேளைக்கு மாத்திர குடுக்கறதுக்கு உங்கள வுட்டா ஆளு கிடைக்குமா?" அது பாராட்டா என்று வெகுநாள் யோசித்தேன். இன்றைக்கும் தெரியவில்லை.

அவளுக்காகத்தான் எழுத ஆரம்பித்தேன். மாதம் ஒரு முறை குவைத்துக்குக் கடிதம் போடும்போது, உனக்கு என்ன சொல்லிக்கொடுத்தேன் என்று தாளில் கட்டம் போட்டு அனுப்புவேன். திருப்பதியில் பி.ஏ. படித்தவன் என்ற தைரியத்தில் எல்லாப் பாடத்தையும் நானே எடுத்தேன். பேச்சு தமிழில், புத்தகம் தெலுங்கில், வாய்ப்பாடு இங்கிலீஷில். நீ மூன்றையும் குழப்பிக்கொள்வாய் என்று பயந்தேன். நீ குழம்பவில்லை, நான்தான் எதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று குழம்பினேன். ஆறு மாதம் போனதும் தனி ரிஜிஸ்டரே போட்டுவிட்டேன்.

ஆலையில் என் வேலைமுறை இப்படி: வாசல் காவலாள் கொடுக்கும் துண்டுச் சீட்டுகளைப் பார்த்து மஸ்டரில் நல்ல எழுத்தில் ஏற்றுவேன். ஏற்றியதும் சீட்டு குப்பை. அதே பழக்கம் வீட்டுக்கும் வந்தது. வாரம் முழுக்க நீ போட்ட கணக்கு, எழுதிய வாக்கியம், வரைந்த மாடு எல்லாவற்றையும் ஞாயிற்றுக்கிழமை எடுத்துவைத்து, "கூட்டல், இரண்டு இலக்கம், நன்று" என்று ஒரே மையில் ரிஜிஸ்டரில் ஏற்றுவேன். பிறகு தாள்களை அடுக்கி முனை டீக்கடைக்குக் கொடுத்துவிடுவேன். கடைக்காரர் போண்டா மடித்துக் கொடுப்பார். உன் மாட்டுப் படத்தில் போண்டா வாங்கித் துன்னுக்கினு நீயே வந்து நின்றிருக்கிறாய், நினைவிருக்கிறதா? சிரித்தாய். நானும் சிரித்தேன்.

இன்னொரு பழக்கமும் அங்கிருந்தே வந்தது. மஸ்டர் ரோலில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் ஓர் ஆளுக்குக் கூலி போய்விடும். காலிக் கட்டத்தைப் பார்த்தாலே சோற்றில் கல் கடித்த மாதிரி இருக்கும் எனக்கு. ஆகவே பாடம் நடக்காத நாட்களிலும், நீ சளி பிடித்துப் படுத்திருந்த நாட்களிலும், ஊருக்குப் போன நாட்களிலும் கூட, அடுத்த நாள் நடத்தப்போகும் பாடத்தை முன்னால் தள்ளிக் கட்டத்தை நிரப்பினேன். யாரையும் ஏமாற்ற எழுதியதில்லை அது. காலியாக விட எனக்குக் கை வரவில்லை, அவ்வளவுதான்.

இது எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பது உனக்குத் தெரியும். உன் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். உனக்குப் பன்னிரண்டு வயது ஆனபோது உன் அம்மா லீவில் வந்தாள். வந்து பெட்டியைக் கூடத் திறக்கவில்லை, இவனை எந்த ஹைஸ்கூலில் போடப் போகிறோம் என்று கேட்டாள். நடுவில் எந்த வகுப்பிலும் படிக்காத பையனை நேராக எட்டாம் வகுப்பில் சேர்க்க வேண்டுமானால் கல்வி அதிகாரி ஆர்டர் போட வேண்டும் என்றார்கள். ரிஜிஸ்டர்களைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு மூவரும் போனோம். ஆர்டர் கிடைக்காவிட்டால் உன்னைவிட நான்கு வயது சின்னப் பிள்ளைகளோடு உன்னை உட்கார வைப்பார்கள்.

அதிகாரி தெலுங்குக்காரர். நாம் நமக்குள் தமிழ் பேசுவதைக் கேட்டதும், சித்தூர்க்காரர்கள் எல்லாரையும் போல அவரும் பாதித் தமிழுக்கு மாறினார். பக்கங்களைப் புரட்டினார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று சொல்வார், சொன்னால் வெட்கமாக இருக்குமே என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாய்யா இது, உங்க ஊட்ல பண்டிகையே வராதா? சங்கராந்தி அன்னைக்குக் கூட பையன் பின்னம் போட்டுக்கினு கீறான்" என்றார். பிறகு, பையன் கையால் எழுதியது ஒரு தாளாவது காட்டு என்றார். என்னிடம் ஒன்றும் இல்லை. எல்லாம் போண்டாவோடு போயிருந்தது. ஒரே மை, ஒரே பேனா, இதை ஒரே வாரத்தில் உட்கார்ந்து எழுதியிருக்கிறாய் என்றார். உன் அம்மா ஏதோ சொல்ல வந்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, ரிஜிஸ்டரில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நாளைத் தொட்டு, அன்றைக்கு என்ன படித்தாய் என்று உன்னைக் கேட்டார். "தெலுங்கு வாசிப்பு, வகுத்தல்" என்று அங்கே எழுதியிருந்தேன். கூடவே என் அக்கா மகள் மஞ்சள் நீராட்டு என்று ஓரத்தில் குறித்திருந்தேன். அதையும் படித்துச் சொன்னார்.

நீ என்னை ஒரு தடவை பார்த்தாய். "அன்னைக்குப் பாடம் இல்ல சார். பாகாலாவுக்கு அத்த வூட்டுக்குப் போயிருந்தோம்" என்றாய்.

அந்த நிமிடம் தரை பிளந்தால் போதும் என்றிருந்தது எனக்கு. அவர் ரிஜிஸ்டரை மூடிவிட்டார். மூடிவிட்டு, அங்கே போய் என்ன பண்ணினாய் என்றார். பாகாலா ரயில் ஜங்ஷனில் ஆட்கள் அகலம் குறைந்த சின்ன லைனைப் பிடுங்கிப் பெரிய லைன் போட்டுக்கொண்டிருந்ததை நீ சொல்ல ஆரம்பித்தாய். பழைய எஞ்சின் ஏன் புது லைனில் நிற்காது, தண்டவாளத்துக்கு அடியில் கட்டைகளுக்குப் பதில் சிமென்ட்டை ஏன் போடுகிறார்கள், இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் ஓர் இரும்புச் சட்டத்தை வைத்து அகலம் பார்க்கும் ஆள் ஏன் வெயில் நேரத்தில் மறுபடி வந்து பார்க்கிறான் என்று, அரைத் தெலுங்கும் அரைத் தமிழுமாக, அவருடைய ரூல்தடியையும் பென்சிலையும் எடுத்து மேசையில் வைத்துக் காட்டினாய். அட்டெண்டர் டீ டம்ளரோடு வந்து அப்படியே நின்றுவிட்டார். அன்றைக்கு மஞ்சள் நீராட்டு விருந்துக்கு வர மறுத்து நீ பிளாட்பாரத்தில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாய், நானும் வேறு வழியில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்தேன். நீ என்ன பார்த்தாய் என்று எனக்கு அந்த அதிகாரியின் அறையில்தான் தெரிந்தது. அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "ரிக்கார்டு கன்னா பையன் மேலய்யா." ரிக்கார்டை விடப் பையன் மேல் என்று.

ஆகவே இரண்டாவதும் மூன்றாவதும் அனுபவித்துச் சொல்வது. நிதின் கிறுக்கியதை, தப்பாகப் போட்டதை, பாதியில் விட்டதை எல்லாம் தேதி போட்டு ஒரு பெட்டியில் போட்டு வை. நல்ல எழுத்தில் நகல் எடுக்காதே. பாடம் இல்லாத நாளில் ஒன்றும் எழுதாதே. எங்கே போனீர்கள் என்று மட்டும் எழுது.

ஐந்தாவதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் சொல்லாமல் விட்டுவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். உனக்கு எட்டு வயது முடிவதற்குள்ளேயே வலிப்பு நின்றுவிட்டது. பையன் தாராளமாகப் பள்ளிக்கூடம் போகலாம் என்று டாக்டர் சொன்னார். சரிங்க டாக்டர் என்று வந்துவிட்டேன். ஜூன் வந்தது. வகுப்பில் மறுபடி விழுந்துவிட்டால் என்ற நினைப்பு. அடுத்த ஜூன் பார்க்கலாம் என்று உன் அம்மாவுக்கு எழுதினேன். அடுத்த ஜூனிலும் அதையே எழுதினேன். மழை, ஆசிரியர் சரியில்லை, ஆட்டோ கிடைக்கவில்லை என்று ஒவ்வொரு ஜூனிலும் ஒரு காரணம் இருந்தது. ரிஜிஸ்டர் அழகாக நிரம்பிக்கொண்டிருந்தபோது, எதற்காக ஆரம்பித்தோம் என்பதை நான் திரும்பிப் பார்க்கவே இல்லை. எழுதுவதே காரணமாகிவிட்டது. அதனால் சொல்கிறேன், எப்போது நிறுத்துவது என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிடு. உன் வேலை நிலைத்ததும் நிறுத்துவேன் என்றால் அப்படியே எழுது. நிதினுக்காக நிறுத்துகிறாயா, உனக்காகத் தொடர்கிறாயா என்று பிறகு பார்க்க அந்தப் பக்கம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என்னை உட்கார விடாதது இதுதான் என்று நினைக்கிறேன். என்னைப் பார்த்துத்தான் நீ இதைச் செய்கிறாயோ என்று. நான் பயத்தில் செய்ததை நீ நல்ல முறை என்று எடுத்துக்கொண்டாயோ என்று.

இப்போது நான்காவது. இதில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம். ஆரம்ப மாதங்களில் உன்னைக் கேட்டு எழுதிப் பார்த்தேன். புரிந்ததா என்றால் "எல்லாம் புரிஞ்சிச்சி நைனா" என்பாய். மறுநாள் ஒன்றும் தெரியாது. பிள்ளைகள் நம் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்கிறார்கள். ஆகவே கேட்பதை விட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன், பார்த்ததை மட்டும் எழுதினேன். ஓர் உதாரணம் தருகிறேன், உன் நண்பர்களுக்கும் பயன்படும். உனக்கு ஒன்பது வயது நடந்தபோது சில வாரங்கள் தொடர்ந்து "காலையில் கவனமில்லை" என்று எழுதும்படி ஆயிற்று. மதியம் நன்றாகப் படிப்பாய். காலையில் மட்டும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாய். கேட்டிருந்தால் "ஒண்ணும் இல்ல நைனா" என்றுதான் சொல்லியிருப்பாய். பழைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்ததில், கான்வென்ட் பிள்ளைகள் தெருவில் போகும் நேரத்தில்தான் இது நடக்கிறது என்று கண்டுபிடித்தேன். சத்தம் தொந்தரவு செய்கிறது என்று தெரிந்ததும் உன் மேசையைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டேன். அடுத்த வாரமே "கவனம் மேம்பட்டது" என்று எழுதினேன். பதிவு வைப்பதால் வரும் பலன் இதுதான்.

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "இன்னா ரெண்டு நாளா எழுதிக்கினே கீறீங்களே, படிங்க பாப்போம்" என்று அவள்தான் கேட்டாள். போண்டா வந்த இடத்தில் சிரித்தாள். ஜூன் வந்த இடத்தில் கீரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்காவதைப் படித்து முடித்ததும் அவள் கை நின்றுவிட்டது.

"மேசய நீங்கதான் திருப்பினீங்களா?" என்றாள்.

ஆமாம், ரிஜிஸ்டரில் கூட இருக்கிறது என்றேன்.

"நெட்டக்கொக்கு, ரெண்டு ரிப்பன், டிபன் டப்பா, ஷூ லேஸு. இதெல்லாம் யாரு தெரியுமா உங்களுக்கு?"

எனக்குத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் அவள் குவைத்திலிருந்து நம் தெரு எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் செய்வாள் அல்லவா, நீ கண்ணாடிக் கதவுக்கு உள்ளே போய்ப் பேசுவாய், அவள் போன் கார்டு தீர்ந்துவிடுமே என்று நான் வெளியே நின்று வாட்ச்சைத் தட்டிக் காட்டிக்கொண்டிருப்பேன். நீ அவளிடம் என்ன பேசினாய் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. இப்போதுதான் அவள் சொன்னாள். ஜன்னலைத் தாண்டிப் போகும் பிள்ளைகளுக்கெல்லாம் நீயே பெயர் வைத்திருந்தாயாம். ஷூ லேஸ் என்பவன் உன் வயதுப் பையன். தினமும் சரியாக நம் ஜன்னலுக்கு எதிரில் குனிந்து லேஸ் கட்டுவான். கட்டி முடித்ததும் உன்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போவான். ஒரு வாரம் அவன் வரவில்லை. ஜுரமாக இருக்கும் என்று நீ போனில் சொன்னாய். குவைத்தில் அவளோடு தங்கியிருந்த பெண்கள் எல்லாம், உன் பையனுடைய ஷூ லேஸ் வந்துவிட்டானா என்று அவளை விசாரிப்பார்களாம்.

"கேட்டா ஒண்ணும் இல்லன்னு சொல்லுவான்னு எழுதி வச்சிகீறீங்களே" என்றாள். "எனக்கு ஒண்ணும் தெரியாது, அதனால கேட்டேன். சொன்னான். நீங்க தெரிஞ்சதத்தான் கேப்பீங்க." பிறகு கீரையைக் கையில் எடுத்துக்கொண்டு, "அந்த வாரம் போன்ல அவன் ஒண்ணுமே பேசல. மேசய மாத்திட்டாங்கன்னு மட்டும் சொன்னான்" என்றாள்.

அதன் பிறகு தெருமுனை வரைக்கும் போய்விட்டு வந்தேன். எதற்குப் போனேன் என்று தெரியவில்லை. வந்து இதை எழுதுகிறேன்.

பாபு, நான்காவது தவறு. மேலே இருப்பதை அடிக்கவில்லை. நல்ல நகல் எடுக்காதே என்று உனக்குச் சொல்லிவிட்டு நானே எடுக்கக் கூடாது என்று அப்படியே விட்டிருக்கிறேன். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதியதால் உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த எனக்கு ஒன்றும் தெரியவில்லை, கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தவளுக்குத் தெரிந்திருக்கிறது. நோட்டு வாங்குவதற்கு முன்னால், மேசை போடுவதற்கு முன்னால், நிதினைக் கேள். வீட்டிலேயே இருக்க அவனுக்குச் சம்மதமா என்று கேள். இந்தக் கேள்வியை நான் உன்னை ஒரு ஜூனிலும் கேட்டதில்லை. அவன் உன் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னால் இன்னொரு நாள் கேள், வேறு மாதிரி கேள். அவன் சொன்னதை அவன் சொன்ன வார்த்தையிலேயே எழுது.

எனக்கும் உன்னை ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. பிறகு நீ ஹைஸ்கூலில் சேர்ந்தாயே, அங்கே அந்த ஷூ லேஸ் பையனைப் பார்த்தாயா? அவன் பெயர் என்ன?

அன்புடன்,
நைனா